கேக்டஸில் தழும்பு, பஞ்சு, செதில்: அடையாளத்தைப் பார்த்துப் பூச்சியைப் பிடிக்கும் வழி

மருந்துக் கடைக்குப் போய் "செடியில பூச்சி, ஏதாவது குடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது இமிடாகுளோபிரிட். மாவுப்பூச்சிக்கு அது சரி. செம்பேனுக்கு அது ஒன்றுமே செய்யாது, ஏனென்றால் செம்பேன் பூச்சியே இல்லை, எட்டுக் கால் உள்ள சிலந்தி வகை. செய்யாமல் சும்மா இருந்தாலும் பரவாயில்லை, இமிடாகுளோபிரிட் அடித்த பிறகு செம்பேன் முன்னைவிட அதிகமாகப் பெருகுவதும் உண்டு. சைபர்மெத்ரின் மாதிரியான பைரித்ராய்டு மருந்துகளும் அப்படித்தான், செம்பேனைத் தின்கிற நல்ல பேன்களைக் கொன்றுவிட்டு இதைத் தப்பவிட்டுவிடும். அதனால் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இதற்குப் பெரிய அறிவெல்லாம் வேண்டாம். கோளாறு செடியின் எந்த இடத்தில் ஆரம்பித்தது என்று பாருங்கள்: உச்சியிலா, அடியிலா, ஒரு பக்கம் மட்டுமா, வேரிலா. பாதிக் கேள்வி அதிலேயே முடிந்துவிடும். கையில் ஒரு 10 மடங்கு லென்ஸ், பழைய வாட்டர் கலர் பிரஷ் ஒன்று, வெள்ளைத் தாள் ஒன்று இருந்தால் போதும்.

உச்சியில் தொடங்கிக் கீழே பரவுகிற பழுப்பு அல்லது சாம்பல் நிறம்

இதுதான் செம்பேன். புதிதாக வளர்கிற உச்சித் திசு மெல்லியதாக இருக்கும், பேன் அங்கேதான் ஒவ்வொரு செல்லாகக் குத்திச் சாறை உறிஞ்சும். முதலில் பச்சை கொஞ்சம் மங்கி, தூசி படிந்தது மாதிரி தெரியும். துடைத்தால் போகாது. அப்புறம் துருப்பிடித்த நிறம் வரும், கடைசியில் சாம்பலாகி, தோல் காய்ந்த காகிதம் போல் ஆகிவிடும். மெல்லிய தோல் உள்ள ரெபுஷியா, லோபிவியா, பீனட் கேக்டஸ், சில மமிலேரியா வகைகள், விதையிலிருந்து வந்த சின்னக் கன்றுகள் எல்லாம் இதற்கு முதல் பலி. தடித்த தோல் உள்ள ஃபெரோகாக்டஸ் போன்றவற்றில் மெதுவாகத்தான் வரும்.

உறுதி செய்ய: பிரஷ்ஷால் உச்சியையும் முள் கூட்டங்களின் நடுவிலும் லேசாகத் தட்டி, விழுவதை வெள்ளைத் தாளில் பிடியுங்கள். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத புள்ளிகள் விழும். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் சில புள்ளிகள் நகர ஆரம்பிக்கும், தூசி நகராது. விரலால் தேய்த்தால் தாளில் செம்பழுப்புக் கோடு விழும். முள்ளுக்கு முள் மெல்லிய வலை தெரிந்தால் கூட்டம் ஏற்கெனவே பெருகிவிட்டது என்று பொருள். ஆனால் வலை இல்லை என்பதால் செம்பேன் இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கேக்டஸைத் தாக்குகிற தட்டைப் பேன் என்று இன்னொரு வகை இருக்கிறது. அது வலையே பின்னாது, சோம்பேறி மாதிரி மெதுவாக ஊரும், தழும்பு மட்டும் அதே தழும்புதான்.

வெயில் ஏறும்போது இதன் வேகம் பயங்கரமாக இருக்கும். 27, 30 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து முட்டையிடும் பேனாக ஆவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். மாசி, பங்குனியில் நாலு செடியில் இருந்தது அக்னி நட்சத்திரத்துக்குள் அலமாரி முழுக்கப் பரவியிருக்கும். மழைக்குப் பயந்து பாலிகார்பனேட் ஷீட் போட்டு வைத்திருக்கும் மாடிகளில் இது இன்னும் மோசம், ஏனென்றால் செடியைக் கழுவிவிடுகிற மழையும் இல்லை, மேலே தூசி வேறு சேர்ந்துகொண்டே போகும். பக்கத்தில் வெண்டை, கத்திரி, ரோஜா, அடீனியம் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். பல மாடிகளில் செம்பேனின் தாய் வீடு அந்த வெண்டைச் செடிதான். அதன் இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் கேக்டஸுக்கு மட்டும் மருந்து அடித்துக்கொண்டிருந்தால் காற்றில் மறுபடியும் வந்துகொண்டே இருக்கும்.

சரி, என்ன செய்வது? முதலில் தண்ணீர். காலை ஏழு மணிக்குள் ஹோஸ் பைப்பை நன்றாகப் பீய்ச்சி, உச்சி, பள்ளம், முள் இடுக்கு எல்லாம் கழுவுங்கள். கோடையில், சீக்கிரம் காய்கிற மண் கலவையில் இருக்கும் செடிக்கு இதனால் அழுகல் வராது. இரண்டு நாளுக்கு ஒரு முறை என்று இரண்டு வாரம் செய்தாலே கூட்டம் பாதியாகும். செடி கொஞ்சம்தான் என்றால் இதுவே போதுமானதாகவும் இருக்கலாம்.

நூறு செடிக்கு மேல் இருப்பவர்களுக்கு மருந்து இல்லாமல் சமாளிப்பது கஷ்டம்தான். பேனுக்கென்றே உள்ள மருந்தைக் கேட்டு வாங்குங்கள்: ஸ்பைரோமெசிஃபென், புரோபர்கைட், ஃபெனாசாகுவின், அபாமெக்டின், ஹெக்ஸிதியாசாக்ஸ். பழைய டைக்கோஃபால் பாட்டில் யார் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், 2023-இல் மத்திய அரசு அதைத் தடை செய்துவிட்டது. இந்த மருந்துகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. புரோபர்கைட்டும் அபாமெக்டினும் ஊர்ந்து திரியும் பேனைக் கொல்லும், முட்டையை விட்டுவிடும். ஹெக்ஸிதியாசாக்ஸ் முட்டையையும் குஞ்சையும் அழிக்கும், வளர்ந்த பேனை ஒன்றும் செய்யாது. ஸ்பைரோமெசிஃபெனும் முக்கியமாக முட்டை, குஞ்சு பக்கம்தான் வேலை செய்யும். ஆகவே ஒரு தடவை அடித்துவிட்டு "மருந்து வேலை செய்யலை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. தப்பிய முட்டை பொரிந்த பிறகு, அது மறுபடி முட்டையிடுவதற்கு முன்னால் அடுத்த தடவை அடிக்க வேண்டும். நம் வெயிலுக்கு ஐந்து நாளிலிருந்து ஏழு நாள் இடைவெளி, மொத்தம் மூன்று தடவை, நடுவில் ஒரு முறையாவது வேறு வகை மருந்து. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் அதற்கு அசையாத பேன் கூட்டத்தை நீங்களே வளர்த்துவிடுவீர்கள்.

அளவு விஷயத்தில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், லேபிளில் எல்லாம் ஹெக்டேர் கணக்கு. கேக்டஸ் என்று எந்த லேபிளிலும் இருக்காது, கத்திரியோ ரோஜாவோ என்ன போட்டிருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெக்டேருக்கு 400 மில்லி மருந்து, 500 லிட்டர் தண்ணீர் என்று இருந்தால் 400-ஐ 500-ஆல் வகுங்கள், லிட்டருக்கு 0.8 மில்லி. மெடிக்கல் ஷாப்பில் 2 மில்லி சிரிஞ்சு வாங்கி ஊசியைக் கழற்றிப் போட்டுவிட்டு, அளப்பதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மூடியில் ஊற்றிக் குத்துமதிப்பாக அளப்பது செடிக்கும் கெடுதல், உங்களுக்கும் கெடுதல். கேக்டஸின் மெழுகுத் தோலில் மருந்துத் தண்ணீர் உருண்டு ஓடிவிடும் என்பதால் ஒட்டும் திரவம் ஒரு துளி சேர்க்க வேண்டும். வெயில் இறங்கிய பிறகுதான் அடிக்க வேண்டும், அபாமெக்டின் வெளிச்சத்தில் சீக்கிரம் சிதைந்துவிடும், புரோபர்கைட் சூட்டில் தோலைச் சுட்டுவிடும். பாட்டிலில் நச்சின் அளவைக் காட்டும் முக்கோணம் சிவப்பாக இருந்தால் மாடிக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. துணி காயப்போடுகிற, குழந்தைகள் விளையாடுகிற இடம் அது.

நனையும் கந்தகம் மலிவு, செம்பேனுக்கு நல்ல மருந்தும்கூட. ஆனால் 32 டிகிரிக்கு மேல் போனால் தோல் கருகும் ஆபத்து இருப்பதால் மார்கழி, தை மாதங்களில் முன்கூட்டியே அடிப்பதற்குத்தான் சரிப்படும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் குறைந்தது மூன்று வாரம் கந்தகத்தைத் தொட வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் செடி புண்ணாகிவிடும். வேப்பெண்ணெய் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன்: நீலப் பூச்சு உள்ள பைலோசோசெரியஸ் போன்ற செடிகளில் எண்ணெய் பட்டால் அந்த நீலம் திட்டுத் திட்டாகப் போய்விடும், பழைய தோலில் திரும்ப வரவே வராது.

தழும்பும் அப்படித்தான், மறையாது. "மருந்து அடிச்சும் பழுப்பு போகலையே" என்று மறுபடி மறுபடி அடிப்பவர்கள் உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது உச்சியில் புதிதாக வருகிற திசுவை. அது சுத்தமான பச்சையாக வந்தால் வேலை முடிந்தது. போட்டோ எடுத்து வைத்து மாதம் ஒரு முறை ஒப்பிட்டால் நன்றாகத் தெரியும்.

அடியிலிருந்து மேலே ஏறும் பழுப்பு. ஒரே பக்கத்தில் வெளிறல்

இரண்டுமே பூச்சி இல்லை. அடிப்பாகம் மரப்பட்டை மாதிரி ஆவது வயதானதால், எக்கினோப்சிஸ், அஸ்ட்ரோஃபைட்டம் எல்லாவற்றுக்கும் வரும். மேற்குப் பக்கம் மட்டும் வெளுத்து, பிறகு கெட்டியான பழுப்பாக மாறினால் வெயில் சுட்டது. நர்சரியில் நிழலில் இருந்த செடியை நேராக மொட்டை மாடியில் வைத்தால் ஒரே நாளில் வரும். 50 சதவீத நிழல் வலை போடுங்கள், மருந்து வேண்டாம்.

வெள்ளைப் பஞ்சு

மாவுப்பூச்சி. முள் முளைக்கிற கணுவிலும், குட்டிகள் ஒட்டிக்கொண்டிருக்கும் இடுக்கிலும், ஒட்டுக் கட்டிய செடியானால் ஒட்டுக்கு நேர் கீழேயும் இருக்கும். ஆனால் மமிலேரியாவுக்கு இயற்கையாகவே இடுக்கில் பஞ்சு உண்டு, அஸ்ட்ரோஃபைட்டத்தின் மேல் வெள்ளைப் புள்ளி உண்டு. சந்தேகம் வந்தால் பல் குத்தும் குச்சியால் கிளறுங்கள். உள்ளே மங்கிய இளஞ்சிவப்பாக, ஓரமெல்லாம் மெழுகு இழை நீட்டிக்கொண்டு, ஒரு உடம்பு இருந்தால் மாவுப்பூச்சி. வெறும் நூல் என்றால் அது செடியின் சொந்தப் பஞ்சு.

இன்னொரு ஏமாற்று வேலையும் இருக்கிறது. பெரிய மாவுப்பூச்சி மாதிரி, ஆனால் இழைகள் நீளமாகச் சடைசடையாகத் தொங்க, வேகமாக ஓடுகிற ஒன்று தெரிந்தால் அதை நசுக்காதீர்கள். அது கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சியைத்தான் தின்று தீர்க்கும். 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு அது. மாவுப்பூச்சி இவ்வளவு வேகமாக ஓடாது, அதை வைத்தே பிரித்துவிடலாம். இந்தப் புழு இருக்கிற அலமாரியில் மருந்து அடிக்காமல் விட்டுவிடுவதே நல்லது.

பத்து இருபது பூச்சி என்றால் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பிரஷ்ஷில் தொட்டுப் பூச்சியின் மேல் வையுங்கள். மெழுகு கரைந்து அந்த நிமிடமே நிறம் மாறிச் செத்துப்போகும். நிழலில் வைத்துச் செய்யுங்கள், காய்ந்த பிறகுதான் வெயிலுக்கு. செடி முழுக்க இருந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சிப் பஞ்சை உடைத்துவிட்டு, தயாமெதாக்சம் அல்லது இமிடாகுளோபிரிட் மண்ணில் ஊற்றலாம். 17.8 சதவீத இமிடாகுளோபிரிட் லிட்டருக்கு 0.5 மில்லி. இதை வேர் உறிஞ்சி மேலே ஏற்ற வேண்டும், ஆகவே செடி வளர்ந்துகொண்டிருக்கிற காலத்தில்தான் பலன். உறக்கத்தில் இருக்கும் செடிக்கு ஊற்றினால் மருந்தும் வீண், வேரும் அழுகலாம். பூ விட்டிருந்தால் தேனீயை நினைத்து, பூ முடியும் வரை பொறுங்கள்.

எறும்பைக் கவனிக்காமல் மாவுப்பூச்சி தீராது. பூச்சி கழிக்கிற இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும். அலமாரிக் கால்களைத் தண்ணீர் டப்பாவில் நிறுத்தி, கொசு வராமலிருக்க மேலே கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். செடியோ சுவரில் உரசிக்கொண்டிருக்கும் வலையோ பாலம் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேலே ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் வளரவில்லை. தண்ணீர் ஊற்றியும் சுருங்கியே இருக்கிறது

தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்துவிடுங்கள், வேறு வழியில்லை. வேர் மாவுப்பூச்சி என்றால் மண் உருண்டைக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவே, கோலமாவு சிந்தியது மாதிரி வெள்ளை படிந்திருக்கும், லென்ஸில் பார்த்தால் அரிசி நொய்யைவிடச் சின்னதாக ஊர்வது தெரியும். பெர்லைட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். விரலால் நசுக்கினால் பெர்லைட் நறநறக்கும், பூச்சி ஈரமாகப் பிசுபிசுக்கும்.

மண்ணை முழுக்க உதறிக் குப்பையில் போடுங்கள், வேறு தொட்டியில் போடக்கூடாது. வேரைத் தண்ணீரில் நன்றாக அலசி, காய்ந்து செத்த வேரை வெட்டிவிட்டு, மாவுப்பூச்சிக்குச் சொன்ன மருந்துத் தண்ணீரில் கழுத்துவரை கொஞ்ச நேரம் முக்கி எடுத்து, நிழலில் ஒரு வாரம் வேர் காயட்டும். பிறகு காய்ந்த புது மண்ணில் நட்டு, இன்னும் ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர். பழைய தொட்டியை மறுபடி பயன்படுத்துவதானால் கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள். அந்த டிரேயில் கூட இருந்த அத்தனை தொட்டியையும் சந்தேகப்பட வேண்டும், பூச்சி அடி ஓட்டை வழியாக வெளியே வந்து அடுத்த தொட்டிக்குள் போய்விடும். ஒரு செடியில் கண்டுவிட்டு ஒரு செடியை மட்டும் சரி செய்பவர்களுக்கு மூன்று மாதத்தில் அதே வேலை திரும்ப வரும்.

வேரில் பூச்சி இல்லாமல் முடிச்சு முடிச்சாக வீக்கம் இருந்தால் நூற்புழு. காய்கறித் தோட்ட மண்ணைக் கலந்தவர்களுக்கு இது வரும். வீங்கின வேரை முழுதும் வெட்டி, செடியைக் காயவைத்து மறுபடி வேர் பிடிக்க வைப்பதுதான் வீட்டில் செய்யக்கூடிய வழி.

ஒட்டிக்கொண்ட வட்டச் செதில்

இரண்டு மில்லிமீட்டருக்குள், சாம்பல் வெள்ளையில், நகத்தால் கீறினால் பெயர்ந்து வரும். செதில் பூச்சி. பழைய டூத் பிரஷ்ஷில் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து எடுங்கள். ஓட்டுக்கு அடியில் இருப்பதை மருந்து எளிதில் தொடாது. ஓட்டிலிருந்து வெளியே வந்து ஊரும் குஞ்சுகள்தான் சாகும், ஆகவே தேய்த்த பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். செத்த செதில் தானாக விழாது, நிறைய பேர் அதைப் பார்த்து இன்னும் உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒபன்ஷியாவில் பஞ்சு, நசுக்கினால் ரத்தச் சிவப்பு

கொச்சினீல். மாவுப்பூச்சிக்குச் செய்வதையே செய்யலாம், தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். இந்தப் பூச்சிக்கும் நமக்கும் பழைய தொடர்பு உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார், மெக்சிகோவின் சிவப்புச் சாயப் பூச்சியை இங்கே வளர்க்கலாம் என்று. 1795-இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததோ வேறு இனம். சாயம் சரியாகக் கிடைக்கவில்லை, கள்ளிதான் அழிந்தது. பிறகு 1926-இல் இன்னொரு இனத்தை இலங்கையிலிருந்து வேண்டுமென்றே கொண்டுவந்து, வயல்களை அடைத்துக்கொண்டிருந்த சப்பாத்திக்கள்ளியை ஒழித்தார்கள். காடு காடாக இருந்த கள்ளியையே தின்று தீர்த்த பூச்சிக்கு உங்கள் நாலு தொட்டி எம்மாத்திரம், எனவே பார்த்த அன்றே கை வைத்துவிடுங்கள்.

விதை டிரேயில் சின்னக் கறுப்பு ஈ

பூஞ்சை ஈ. பறப்பது ஒன்றும் செய்யாது, மண்ணில் இருக்கும் அதன் புழுதான் கன்றின் வேரைக் கடிக்கும். மண் எப்போதும் ஈரமாக இருந்தால் வரும். மேல் மண்ணைக் காயவிடுங்கள், மேலே ஒரு அடுக்கு மணல் பரப்புங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றைப் பக்கத்தில் சொருகுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் கொசுப்புழுவுக்குப் போடுகிற பி.டி.ஐ. பாக்டீரியா மருந்து.

கடித்த தழும்பு

மேலே பரவலாகச் சுரண்டியிருந்து பக்கத்தில் பளபளப்பான கோடு தெரிந்தால் நத்தை, ராத்திரி டார்ச்சோடு போய்ப் பொறுக்கிப் போடுங்கள். ஆழமாகக் குழி, பல் பதிந்த கோடுகள் என்றால் அணில் அல்லது எலி. கோடையில் தண்ணீருக்காகக் கடிக்கும். இதற்குக் கம்பி வலைதான், வேறு எதுவும் நிலைக்காது. காயத்தைக் கழுவிக் கந்தகத் தூள் தடவி, ஆறும் வரை தண்ணீரை நிறுத்திவையுங்கள்.

புதுச் செடி வரும்போது

மேலே சொன்னதில் முக்கால்வாசி, வாங்கின செடியோடுதான் வீட்டுக்குள் வருகிறது. மேற்கு வங்க மலை ஊரான காலிம்போங்கிலிருந்து கூரியரில் வருகிற செடிகள் பெரும்பாலும் வெறும் வேரோடு வருவது ஒரு வகையில் நல்லது, லென்ஸை வைத்து வேரைப் பார்த்துவிடலாம். தொட்டியோடு நர்சரியில் வாங்கினால் அன்றைக்கே மண்ணை உதறிப் பாருங்கள், "வாங்கினவுடனே தொந்தரவு செய்யக்கூடாது" என்பது கேக்டஸுக்குப் பொருந்தாது. ஒரு மாதம், கோடையானால் ஆறு வாரம், மற்றவற்றிலிருந்து தள்ளித் தனியாக வையுங்கள், காற்று மற்ற செடிகளைத் தாண்டிப் போகிற பக்கமாக. வாரத்துக்கு ஒரு முறை உச்சியில் பிரஷ் தட்டித் தாளில் பாருங்கள். தட்டின பிரஷ்ஷை ஆல்கஹாலில் முக்கிய பிறகுதான் அடுத்த செடியைத் தொட வேண்டும், இல்லையென்றால் பேனை நீங்களே கொண்டுபோய் விடுவீர்கள்.